மெழுகு முகங்களும் இறைச்சாயலும்

இலண்டன் மாநகருக்குச் சென்று திரும்பும் நம் ஆயர்களும் இறையியல் மாணவர்களும் எழுதும் பயணக் கட்டுரைகளில் வெஸ்லியின் சிற்றாலயமும், வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயமும், பிரித்தானிய நூலகத்திலுள்ள சீனாய்ச் சுவடியும் தவறாமல் இடம்பெறும். மேரில்போன் சாலையிலுள்ள மேடம் துசோ மெழுகுக் காட்சியகம் இடம்பெறுவதில்லை. ஆயினும் அங்கும் அவர்கள் செல்கின்றனர் என்பதற்கு அவர்தம் இல்லச் சுவர்களில் தொங்கும் நிழற்படங்களே சான்று. கேளிக்கைக் கூடத்தைப் பற்றி இறையியல் இதழில் எழுதுவதா என்னும் தயக்கம் ஒருபுறம். இரண்டாம் கட்டளை மறுபுறம். இவ்விரு தயக்கங்களும் எனக்கும் இருந்தன. எனினும் அங்குச் செலவிட்ட ஒரு பிற்பகலில் நான் கண்டவையும், எனக்கு நேர்ந்த ஒரு சிறு வெட்கமும், அவ்விடத்தை ‘விக்கிரகக் கூடம்’ என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுவது தவறு என்று என்னை எண்ணச் செய்தன.

அக்காட்சியகத்தின் வரலாறு நாம் நினைப்பதைவிட ஆழமானது. 1761-இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்த மாரி குரோஸ்ஹோல்ட்ஸ் என்பவரின் தாய், பிலிப் கூர்த்தியஸ் என்னும் மருத்துவரின் வீட்டில் பணிபுரிந்தார். உடலுறுப்புகளை மெழுகில் செய்வதில் தேர்ந்த அம்மருத்துவர், பின்னர் மனித முகங்களை வடிக்கத் தொடங்கிப் பாரிஸ் நகரில் காட்சி நடத்தினார். அவரிடம் தொழில் பயின்ற மாரி, வொல்தேர், ரூசோ, பெஞ்சமின் பிராங்கிளின் ஆகியோரின் முகங்களை வடித்தார். புகைப்படம் தோன்றாத காலம் அது. அரசனின் முகத்தைக் குடியானவன் நாணயத்தில் மட்டுமே கண்டிருந்த அந்நாளில், ஒரு சிறு கட்டணத்திற்கு அவன் அரசனின் எதிரே நிற்க முடிந்தது. இது அற்பமான செய்தி அன்று. 1789 ஜூலை 12-ஆம் நாள், பாஸ்தீல் சிறை வீழ்வதற்கு இரண்டு நாட்கள் முன்னர், பாரிஸ் மக்கள் கூர்த்தியஸின் கூடத்திலிருந்து நெக்கேர், ஓர்லியான் கோமகன் ஆகிய இருவரின் மெழுகுத் தலைகளை எடுத்துத் தெருக்களில் ஊர்வலமாகச் சுமந்து சென்றனர். படைவீரர் அவ்வூர்வலத்தைத் தாக்கினர், குருதி சிந்திற்று. மெழுகு முகம் அன்று விளையாட்டுப் பொருளாக இருக்கவில்லை.

புரட்சியின் பயங்கர ஆட்சிக் காலத்தில், வெட்டுண்ட தலைகளிலிருந்து வார்ப்பெடுக்குமாறு தாம் கட்டாயப்படுத்தப்பட்டதாக 1838-இல் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் மாரி கூறுகிறார். அக்குறிப்புகளில் எவ்வளவு உண்மை, எவ்வளவு விளம்பரம் என வரலாற்றாசிரியர் ஐயுறுகின்றனர். 1794-இல் கூர்த்தியஸ் இறந்தபோது உருவங்கள் மாரியின் உடைமையாயின. மறு ஆண்டு பிரான்சுவா துசோ என்பவரை மணந்தார். 1802-இல் கணவரைப் பிரான்சிலேயே விட்டுவிட்டு, மூத்த மகனோடும் மெழுகு உருவங்களோடும் இங்கிலாந்து சென்று, ஊர் ஊராக ஏறத்தாழ 33 ஆண்டுகள் அலைந்து, 1835-இல் இலண்டனின் பேக்கர் தெருவில் நிலைகொண்டார். 1850-இல் காலமானார். அவருடைய பேரன் 1884-இல் இன்றைய மேரில்போன் சாலைக் கட்டடத்திற்குக் காட்சியகத்தை மாற்றினார். 1925-இன் தீயும் 1940-இன் குண்டுவீச்சும் அதனை அழித்துவிடவில்லை. ஆனால் குண்டுவீச்சில் 350-க்கும் மேற்பட்ட தலை அச்சுகள் நொறுங்கின. துணையின்றி ஒரு தொழிலை நிறுவிய அப்பெண்ணின் உழைப்பை மதியாது, அவர் விட்டுச்சென்றதை மட்டும் பழிப்பது முறையாகாது.

வேலைப்பாட்டைப் பற்றி முதலில் கூறவேண்டும். அது போற்றத்தக்கது. உருவம் வடிக்கப்படுபவரின் உடலில் 200-க்கும் மேற்பட்ட அளவுகள் எடுக்கப்படுகின்றன. தலை முதலில் களிமண்ணில் உருப்பெறுகிறது. அதன்மேல் சாந்து பூசி அச்செடுத்து, உருக்கிய மெழுகை அதில் வார்க்கின்றனர். மெழுகு குளிரும்போது சுருங்குமாதலால், களிமண் தலையை உண்மை அளவினும் நூற்றுக்கு 2 பங்கு பெரிதாகச் செய்கின்றனர். தலைமயிரை ஒவ்வோர் இழையாக ஊசியால் குத்திப் பதிக்கின்றனர். இதற்கு மட்டுமே வாரக்கணக்கில் ஆகிறது. விழியின் வெண்பகுதியிலுள்ள சிவந்த நரம்புகளுக்குப் பட்டு நூலிழைகளைப் பயன்படுத்துகின்றனர். ஓர் உருவம் முற்றுப்பெற ஏறத்தாழ நான்கு மாதங்கள் செல்கின்றன. கல்லும் மரமும் உலோகமும் இருக்க மெழுகைத் தேர்ந்தது ஏன்? மெழுகின்மேல் விழும் ஒளி அதன் மேற்பரப்பிலேயே நின்றுவிடுவதில்லை. சற்று உட்புகுந்து மீள்கிறது. மனிதத் தோலும் அவ்வாறே. வேறெந்தப் பொருளிலும் கன்னம் இவ்வளவு கன்னமாகத் தோன்றுவதில்லை. ஆனால் மெழுகு, ஆடைக்கு வெளியே தெரியும் தலைக்கும் கைகளுக்கும் மட்டுமே. ஆடைக்குள் இருப்பது கண்ணாடியிழை. பார்வைக்கு வராததைப் பற்றி இக்கலை கவலைப்படுவதில்லை. இதை அதன் குற்றமாகக் கூறவில்லை. அதன் இலக்கணமாகக் கூறுகிறேன்.

மண்டபத்துள் நுழைந்தால், விக்கிரக வழிபாடு என்னும் குற்றச்சாட்டு எவ்வளவு பொருந்தாதது என்பது சில நிமிடங்களிலேயே விளங்கிவிடும். அங்கு ஒருவரும் வணங்குவதில்லை. மாறாக, அரசியின் அருகே நின்று நாக்கை நீட்டுகின்றனர். போர்த்தலைவரின் தலைக்குப் பின்னால் இரு விரல்களைக் கொம்பாகக் காட்டுகின்றனர். இளைஞர் இருவர் காந்தியடிகளின் தோள்மேல் கைபோட்டு நின்று படமெடுத்துக்கொண்டதைக் கண்டேன். அவர்களிடம் அவமதிக்கும் எண்ணம் எள்ளளவும் இல்லை. உயிரோடிருந்த காந்தியின் எதிரே அவ்வாறு நின்றிருப்பரா என்னும் வினா அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. 115-ஆம் சங்கீதம் எள்ளி நகையாடும் உருவங்களுக்கு வாயும் செவியும் இருந்தும் பயனில்லை. எனினும் அவற்றைச் செய்தவர்கள் அவற்றிடம் எதையோ எதிர்பார்த்தனர். விடை வாராமையே அங்கு ஏமாற்றம். மேரில்போன் சாலையிலோ விடை வாராமைக்காகவே கட்டணம் செலுத்தப்படுகிறது. நம்மைத் திருப்பி நோக்காத, நம்மிடம் எதுவும் கேளாத ஒரு மாமனிதர் நமக்குக் கிடைக்கிறார். விக்கிரக வழிபாட்டைவிட இது சிறிய தீங்கு என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

மெழுகை மனிதர் என்றும் மனிதரை மெழுகு என்றும் மயங்குவது இக்கூடத்தின் பழைய நகைச்சுவை. வாயிற்காவலர் உருவமொன்றை வழியில் நிறுத்தி, அதனிடம் வழி கேட்போரைக் கண்டு சிரித்த காலமும் உண்டு. எனக்கு நேர்ந்தது அதற்கு மறுதலை. மண்டபத்தின் நடுவே ஒரு நீண்ட இருக்கையில் மூதாட்டி ஒருவர் கைப்பையை மடியில் வைத்து அசையாது அமர்ந்திருந்தார். மெழுகென்றே எண்ணினேன். குனிந்து, கன்னத்தின் சுருக்கங்களையும், புறங்கையில் புடைத்திருந்த நரம்புகளையும், மேலாடையில் ஒரு பொத்தான் இல்லாதிருந்ததையும் நிதானமாக ஆராய்ந்தேன். இவ்வளவு எளியவரை எதற்காக வடித்தனர் என்றுகூட வியந்தேன். அவர் கண்ணிமைத்தார். பதறி மன்னிப்புக் கேட்டேன். பேரப்பிள்ளைகள் சுற்றிப்பார்க்கப் போயிருப்பதாகவும், தமக்கு முழங்கால் வலி என்பதாகவும் சொல்லி அவர் நகைத்தார். என்னால் நகைக்க இயலவில்லை. அரைநிமிடம் அம்முகத்தை உற்றுநோக்க எனக்கு உரிமை இருப்பதாக நான் நினைத்திருந்தேன். உயிருள்ளவர் என்று அறிந்த கணத்தில் அவ்வுரிமை பறிபோயிற்று, என் கண்கள் தாமாகத் தாழ்ந்தன.

மார்ட்டின் பூபர் 1923-இல் வெளியிட்ட தம் சிறு நூலில் ‘நான்–நீ’ உறவையும் ‘நான்–அது’ உறவையும் வேறுபடுத்தியதை நம் வகுப்பறைகளில் பலமுறை கற்பித்திருக்கிறோம். தேர்வில் வினாவாகவும் கேட்டிருக்கிறோம். ‘அது’ ‘நீ’யாக மாறும் கணத்தில் முகம் சிவக்கும் என்பதை நான் அந்த இருக்கையருகேதான் கற்றேன். மருத்துவமனைக் கூடங்களில் படுக்கை படுக்கையாக நின்று ஜெபித்துச் செல்லும்போது எத்தனை முகங்களை நான் மெழுகாகப் பார்த்துவிட்டு நகர்ந்திருப்பேன் என்னும் எண்ணமும் அப்போது வந்தது. அடக்க ஆராதனைகளில் நாம் ஆற்றும் சில உரைகளையும் இங்கு நினைவுகூரலாம். இறந்தவரின் பதவிகள், பட்டங்கள், அவர் கட்டிய மண்டபங்கள் யாவும் அளவு பிசகாமல் வந்துவிடும். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அவருடைய மகளுக்கு மட்டும் அவர் யாரென்று தெரியாமற்போகும்.

‘சாயல்’ என்னும் சொல்லின் வரலாறு இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. ஆதியாகமம் 1:27-ஐ இலத்தீனில் பெயர்த்தவர்கள் ‘இமாகோ’ என்னும் சொல்லை ஆண்டனர். பண்டைய உரோமரின் வழக்கில் அச்சொல்லுக்கு மிகவும் குறிப்பான பொருள் ஒன்றும் இருந்தது: முன்னோரின் மெழுகு முகம். உயர்குடி இல்லங்களின் முன்கூடத்தில், பேழைகளில் அம்முகங்கள் வைக்கப்பட்டிருந்தன என்று பிளினி கூறுகிறார். அக்குடும்பத்தில் ஒருவர் இறந்தால், உயரத்திலும் நடையிலும் முன்னோரை ஒத்த ஆட்கள் அவற்றை அணிந்து இறுதி ஊர்வலத்தில் சென்றதைப் பொலிபியுஸ் விவரிக்கிறார். ஆனால் உயர் அரசுப் பதவி வகித்த முன்னோருக்கே அச்சிறப்பு உரியதாயிருந்தது. உழவனுக்கும் அடிமைக்கும் இமாகோ கிடையாது. உரோமுக்கு முந்திய கிழக்கத்திய பேரரசுகளிலும் ‘தெய்வத்தின் சாயல்’ என்னும் பட்டம் அரசனையே சுட்டிற்று. தான் நேரில் செல்லாத நாடுகளில் அரசன் தன் உருவத்தை நாட்டித் தன் ஆட்சியை உணர்த்தினான். இப்பின்னணியில் ‘செலெம்’ என்னும் எபிரேயச் சொல்லை ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் எடுத்து, ஆணும் பெண்ணுமாகிய மனித இனம் முழுமைக்கும் உரியதாக்குகிறது. இதைப் பழைய ஏற்பாட்டு ஆய்வாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வொளியில் பார்த்தால், அந்த மூதாட்டியை ‘எதற்காக வடித்தனர்’ என்று நான் கேட்டது உரோமனின் கேள்வி.

மேடம் துசோ காட்சியகம், தான் அறியாமலே, உரோமரின் வழக்கத்திற்குத் திரும்பியிருக்கிறது. யாருக்குச் சாயல் உண்டு, யாருக்கு இல்லை என்பதை அது தீர்மானிக்கிறது. அன்று பதவி அளவுகோலாயிருந்தது, இன்று புகழ். பதவியைவிடப் புகழ் நிலையற்றது. 2020 ஜனவரியில் இளவரசர் ஹாரியும் அவர் மனைவி மேகனும் அரச குடும்பப் பொறுப்புகளினின்று விலகுவதாக அறிவித்தனர். மறுநாளே அவர்களுடைய மெழுகு உருவங்கள் அரச குடும்பத்தார் வரிசையிலிருந்து பிரிக்கப்பட்டன. அரண்மனை தன் முடிவுக்கு வரச் சில நாட்கள் எடுத்துக்கொண்டது. காட்சியகத்திற்கு அத்தயக்கம் இருக்கவில்லை. மற்றொன்றும் கூறலாம். போரில் குண்டு விழுந்த பகுதியில் 1958-இல் ஒரு கோளரங்கம் எழுப்பப்பட்டது. இலண்டன் பள்ளிப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக அங்கு வந்து விண்மீன்களைக் கண்டனர். 2006-இல் வானியல் காட்சிகள் நிறுத்தப்பட்டு, அவ்வரங்கம் பிரபலங்களைப் பற்றிய காட்சிக்குத் திருப்பப்பட்டது. இரு பொருளுக்கும் ‘நட்சத்திரம்’ என்றே சொல்லும் நம் மொழிக்கு இம்மாற்றத்தின் கசப்பு எளிதில் விளங்கும்.

இனி, ‘திகில் அறை’. துசோ அம்மையாரே கொலையாளிகளின் உருவங்களையும் வெட்டுண்ட தலைகளையும் தனியறையில் வைத்திருந்தார்; இப்பெயர் 1840-களில் வழக்கிற்கு வந்தது. 2016-இல் மூடப்பட்டு 2022-இல் மீண்டும் திறக்கப்பட்டது. கொடுமையைக் காட்டக்கூடாது என்பது என் வாதமன்று. திருமறையே காயீனையும் ஏரோதையும் மறைக்கவில்லை. என் குறை வேறு. இந்த அறை தீமைக்கு ஒரு முகத்தைக் கொடுத்து, அம்முகத்தை நம்முடையதன்று என்று உறுதிப்படுத்தி அனுப்புகிறது. உள்ளே அலறியவர்கள் வெளியே சிரித்துக்கொண்டு வருகின்றனர். நாத்தான் தாவீதிடம் கதை சொன்ன முறை இதற்கு நேர் எதிர். அங்குத் தீயவனின் முகம் கதை முடியும்வரை காட்டப்படவில்லை, காட்டப்பட்டபோது அது கேட்டவனுடையதாக இருந்தது (2 சாமு. 12:1-7).

2008 ஜூலையில் பெர்லின் நகரில் இக்காட்சியகத்தின் கிளை திறக்கப்பட்ட நாளன்றே, பார்வையாளர் ஒருவர் காவலரைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து ஹிட்லரின் மெழுகுத் தலையைப் பிடுங்கி எறிந்தார். செய்தித்தாள்கள் அதை வேடிக்கையாக எழுதின. உருவம் பழுதுபார்க்கப்பட்டுத் திரும்பவும் வைக்கப்பட்டது. உருவத்திற்குச் செய்யும் மரியாதை மூலத்தைச் சென்றடையும் என்னும் பசிலியாரின் கொள்கையை 787-இன் இரண்டாம் நீக்கேயாச் சங்கம் ஏற்றுக்கொண்டது. அவமரியாதையும் அவ்வாறே சென்றடையும் என்பது அதன் உட்கிடை. உருவத்திற்கும் உருவம் பெற்றவருக்கும் உறவு உண்டு என்று அந்நகரில், அந்நாளில், முழுமனத்தோடு நம்பியவர் அந்த ஒருவர்தாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் செய்தது சட்டப்படி குற்றம். அவ்வுருவத்தைப் பொருட்படுத்தியவரும் அவரே.

திருச்சபை இவற்றைப் பற்றிப் பேசும்போது சற்றுத் தாழ்ந்த குரலில் பேசுவது நன்று. வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அரசர் அடக்கத்தின்போது உருவங்களைச் செய்துவைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. இரண்டாம் சார்லஸின் மெழுகு உருவம் அவர் கல்லறையருகே பல்லாண்டுகள் நின்றது. 1806-இல் கடற்படைத் தளபதி நெல்சன் தூய பவுல் பேராலயத்தில் அடக்கம்பண்ணப்பட்டபோது, மக்கள் கூட்டம் அங்குத் திரும்பிற்று. வெஸ்ட்மின்ஸ்டரார் உடனே கேத்தரின் ஆண்ட்ராஸ் என்னும் சிற்பியைக் கொண்டு நெல்சனின் மெழுகு உருவமொன்றைச் செய்துவைத்தனர். உடல் அங்கே, மெழுகு இங்கே. கூட்டம் மெழுகை நாடி வந்தது. கட்டணமும் வசூலாயிற்று. துசோ அம்மையார் அப்போது இன்னும் ஊர் ஊராகத் திரிந்துகொண்டிருந்தார். பேராலயத்தில் எஞ்சிய உருவங்களை 2018-இல் திறக்கப்பட்ட மேல்தளக் காட்சிக் கூடத்தில் இன்றும் காணலாம்.

நம் பழைய தமிழ்த் திருமறை மொழிபெயர்ப்பில் இது தொடர்பாக ஒரு சொல் என் கவனத்தை ஈர்த்தது. ‘சுரூபம்’, ‘சொரூபம்’ என்று இருவகையாகவும் அது எழுதப்படுகிறது. கத்தோலிக்க நண்பர்கள் இன்றும் ஆலயத்திலுள்ள சிலையை அச்சொல்லால் குறிக்கின்றனர். சவுலின் சேவகரை ஏமாற்ற மீகாள் தாவீதின் கட்டிலில் கிடத்தி, தலைமாட்டில் வெள்ளாட்டுத் தோலிட்டு மூடியது ஒரு சுரூபம் (1 சாமு. 19:13). திருமறையில் மனிதரென்று மயங்க வைக்கப்பட்ட உருவம் அதுவே. மயிர்வேலை உட்பட மேரில்போன் சாலையின் முன்னோடி அது. இரண்டாம் கட்டளை விலக்குவதும் சொரூபத்தையே (யாத். 20:4). அதே சொல்லைக் கொண்டே எபிரெயர் 1:3 குமாரனைக் குறிப்பிடுகிறது. விலக்கப்பட்டதற்கும் வணங்கப்படுபவருக்கும் ஒரே சொல்லா என்று மாணவர் கேட்பதுண்டு. அந்த இடத்திலுள்ள கிரேக்கச் சொல் ‘காரக்தேர்’. செதுக்குக் கருவியோ முத்திரையோ அழுந்தியதால் உண்டாகும் பதிவு என்பது அதன் பொருள். தொலைவில் நின்று அளந்து ஒப்பாகச் செய்யப்பட்டதன்று அது. தொட்டு அழுத்தியதால் ஆனது. முத்திரை இல்லாமல் பதிவு இல்லை. மெழுகில் முத்திரை பதிவதையே உவமையாகக் கொண்டு இஸ்தூதியோன் மடத்துத் தெயோதோர் ஒன்பதாம் நூற்றாண்டில் உருவங்களுக்காக வாதாடினார். மெழுகுக்கு இரண்டு வேலைகள் உண்டு போலும்: ஒன்று, ஒப்பாகத் தோன்றுவது, மற்றது, அழுத்தத்தை ஏற்பது. காட்சியகம் முதலாவதில் தேர்ந்திருக்கிறது. நிருபம் பேசுவது இரண்டாவதைப் பற்றி.

200 அளவுகள் எடுக்கும் அக்கலைஞர்களிடம் நான்கு சுவிசேஷங்களைக் கொடுத்து, இயேசுவின் உருவத்தை வடிக்கச் சொன்னால் அவர்கள் திகைத்துப் போவர். உயரம் இல்லை, நிறம் இல்லை, கண்ணின் சாயல் இல்லை. ஏசாயா 53:2-ஐ அவர்மேல் ஏற்றிப் படித்த ஆதிச் சபையினர், அழகைப் பற்றிய பேச்சையே விட்டுவிட்டனர். உயிர்த்தெழுந்தவர்க்கு நற்செய்தியாளர் யோவான் தரும் உடற்குறிப்பு ஒன்றே ஒன்று. தோமா முகத்தைக் காட்டும்படி கேட்கவில்லை. ஆணி அழுந்திய தழும்பைக் கேட்டான்; விரலை இட்டுப் பார்க்கவும் விரும்பினான்.